நிலம் குலுங்கும்போது மண் என்ன செய்யும்?

2001 ஜனவரி 26, காலை 8.46. ஊரெங்கும் குடியரசு தினக் கொடி ஏறிக்கொண்டிருந்த நேரம். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பச்சாவ் பக்கம் பூமி அதிர்ந்தது. அளவு 7.7. அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் கண்ட்லா துறைமுகம். துறைமுக அலுவலகமும் சுங்க அலுவலகமும் இயங்கிய 22 மீட்டர் உயரக் கோபுரக் கட்டடம் ஒன்று அங்கே உண்டு. கட்ச் முழுக்க ஊர் ஊராகத் தரைமட்டமான அந்தக் காலையில் இந்தக் கோபுரம் விழவில்லை. மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடியவும் இல்லை. மொத்தக் கட்டடமும் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உச்சியில் அளந்தால் சாய்வு சுமார் 30 சென்டிமீட்டர்.

ஆழமாக அஸ்திவாரம் போடாததால் வந்த வினையா என்றால், அதுவும் இல்லை. கோபுரத்தின் அடியில் 32 கான்கிரீட் பைல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 18 மீட்டர் நீளம். மேலே எவ்வளவு உயரமோ கிட்டத்தட்ட அவ்வளவு ஆழம் கீழேயும் போயிருந்தார்கள். அந்த இடத்தில் மேலே 10 மீட்டர் வரை களிமண். அதற்குக் கீழே மணல். களிமண்ணைத் தாண்டி மணலில் போய் நின்றன பைல்கள். சாதாரண நாளில் குறை சொல்ல ஒன்றுமில்லாத ஏற்பாடு. ஆனால் அந்தக் காலையில், குலுக்கல் நீடித்த நேரத்துக்கு, கீழே இருந்த மணல் மணலாகவே இல்லை. தண்ணீரோடு கலந்து குழம்பாகிவிட்டது. ஊன்றி நின்ற இடமே இளகியது. மேலே இருந்த களிமண் அடுக்கு கடல் பக்கமாக நகர்ந்து பைல்களையும் தள்ளியது. பிற்பாடு ஆராய்ந்த பொறியாளர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: பைல் நின்றுவிட்ட ஆழம் போதவில்லை, இளகக்கூடிய அடுக்கைத் தாண்டி அது இறங்கியிருக்க வேண்டும்.

வேறு எந்தக் கட்டடத்தைவிடவும் இந்தக் கோபுரம்தான் நம் ஊர் மண் பரிசோதனையின் குறையை எடுத்துக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இடிந்து விழுந்த கட்டடத்தில் கம்பி குறைவு, சிமென்ட் கலப்படம், பில்டரின் பேராசை என்று ஆயிரம் காரணம் கிடைக்கும். இங்கே அப்படித் தப்பிக்க வழியில்லை. இது முழுக்க மண் விவகாரம்.

எஸ்.பி.சி. எவ்வளவு?

வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் 'சாயில் டெஸ்ட்' தெரியும். நாலைந்து பேர் முக்காலியும் இன்ஜினுமாக வந்து இறங்கி, இரண்டு நாள் மனையில் துளை போட்டுவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் ஸ்பைரல் பைண்டிங்கில் ஒரு ரிப்போர்ட் வரும். இன்ஜினீயர் அதைக் கையில் வாங்கியதும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவார். எஸ்.பி.சி. என்று ஓர் எண் இருக்கும்: சதுர மீட்டருக்கு இத்தனை டன் பாதுகாப்பாகத் தாங்கும். அதை வைத்து அஸ்திவாரத்தின் அகலத்தைக் கணக்கிட்டுவிட்டால் ரிப்போர்ட்டின் வேலை முடிந்தது. மற்ற பக்கங்கள் பிளான் அனுமதிக் கோப்பில் போய்ச் சேரும்.

அந்த எண் பதில் சொல்வது ஒரே கேள்விக்கு. இந்த மண், இந்தச் சுமையை, ஆட்டம் அசைவு இல்லாத நிலையில் தாங்குமா? நிலநடுக்கம் வரக்கூடிய இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. குலுக்கினால் இந்த மண் தன் பலத்தை இழக்குமா? இழந்தால் எந்த ஆழம் வரை? தரைக்கு அடியிலிருந்து வரும் அதிர்வை இது அப்படியே மேலே கடத்துமா, பெருக்கிக் கடத்துமா? முதல் கேள்வியில் தேறிய மண் இந்தக் கேள்விகளில் தோற்கலாம். கண்ட்லாவில் தோற்றது.

ஓர் உதாரணக் கணக்கு. ஆற்றங்கரையில் ஒரு மனை, மூன்று மாடி கட்ட வேண்டும். மூன்று மீட்டர் ஆழத்தில் நடுத்தரமான, கொஞ்சம் தளர்ந்த மணல். ராஃப்ட் அஸ்திவாரம் (கட்டடத்தின் அடி முழுக்கப் பரவும் ஒரே கான்கிரீட் பலகை) போட்டால் இந்தச் சுமையை அது தாராளமாகத் தாங்கும், எஸ்.பி.சி. பார்த்து எந்த இன்ஜினீயரும் கையெழுத்துப் போடுவார். அதே மணலில் நிலத்தடி நீர் ஒன்றரை மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். இப்போது நிலநடுக்கக் கணக்கில் அதே மணல் அஸ்திவாரத்துக்கே ஆகாத மண்ணாக மாறிவிடுகிறது. மண் மாறவில்லை, கட்டடமும் மாறவில்லை. நாம் கேட்ட கேள்விதான் மாறியது.

மணல் குழம்பாகும் விதம்

மெரினாவில் அலை திரும்பிய ஈர மணலில் நின்றபடி பாதத்தை மாற்றி மாற்றி மிதித்துப் பாருங்கள். இறுகிக் கிடந்த தரை பளபளவென்று நீர் கோக்கும், கால் மெல்லப் புதையும். நிலத்துக்குள் நடப்பதும் இதுதான், அளவுதான் பெரிது. தளர்ந்த மணலில் துகளும் துகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. சுமை அந்தத் தொடுபுள்ளிகள் வழியாகக் கீழே இறங்குகிறது. இடைவெளி முழுக்கத் தண்ணீர். குலுக்கல் வந்ததும் துகள்கள் நெருங்கி அடங்கப் பார்க்கின்றன. நடுவிலுள்ள தண்ணீர் சில வினாடிகளுக்குள் எங்கே ஓடும்? ஓட வழியில்லாததால் அதன் அழுத்தம் ஏறுகிறது. ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் சுமையைத் தண்ணீரே தாங்குகிறது. துகள்கள் ஒன்றையொன்று தொடுவதை விட்டுவிடுகின்றன. அந்த நொடியில் மணலுக்குத் தாங்கும் பலம் இல்லை. இன்ஜினீயர்கள் இதை 'லிக்விஃபேக்‌ஷன்' என்கிறார்கள். அப்போது கனமான கட்டடம் அமிழும் அல்லது சாயும். காலியான நிலத்தடித் தொட்டிகள் மேலே மிதந்து வரும். வயல்களில் மணலும் நீரும் ஊற்றாகப் பீய்ச்சும்.

1934 ஜனவரி 15 அன்று பிகார்–நேபாள நிலநடுக்கத்தில் இதைத்தான் பார்த்தார்கள். சீதாமடி, மதுபனி வழியாக ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளத்துக்கு வீடுகள் சாய்ந்தும் அமிழ்ந்தும் கிடந்தன; நிலவியல் துறையினர் அதை அமிழ்வு மண்டலம் என்றே குறித்தார்கள். ஆனால் உலகம் இதை ஒரு பொறியியல் கணக்காக எடுத்துக்கொள்ள இன்னும் 30 ஆண்டு ஆனது. 1964இல் மார்ச் மாதம் அலாஸ்காவிலும் ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டாவிலும் அடுத்தடுத்து அதிர்ந்தது. நீகாட்டாவில் கவாகிஷி-சோ என்ற இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்புகள் வரிசையாகச் சரிந்தன. ஒன்று ஏறக்குறைய முழுதாகவே மல்லாந்துவிட்டது. சுவரில் விரிசல் அதிகமில்லை. குடியிருந்தவர்கள் சாய்ந்த சுவர்மேல் நடந்து இறங்கினார்கள். கட்டடம் நன்றாகவே கட்டப்பட்டிருந்தது, மண்தான் கைவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த பேராசிரியர் போல்டன் சீடும் அவருடைய சகா இத்ரிஸும் இந்தச் சம்பவங்களை அலசி 1971இல் ஓர் எளிய கணக்கு முறையை வெளியிட்டார்கள். எத்தனையோ திருத்தங்களோடு இன்றும் உலகம் முழுக்கப் புழங்குவது அந்த முறைதான். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க விதிநூலின் 2016 பதிப்பில் பின்னிணைப்பாக இருப்பதும் அதன் வழிவந்ததே.

கணக்கு ஒரு வகுத்தல்தான். நிலநடுக்கம் அந்த ஆழத்து மண்மேல் சுமத்தும் அதிர்வு ஒரு பக்கம். அதை எதிர்த்து நிற்க மண்ணுக்குள்ள பலம் இன்னொரு பக்கம். பலத்தை அதிர்வால் வகுத்து வரும் விடைதான் பாதுகாப்பு விகிதம்; அது ஒன்றுக்குக் கீழே வந்தால் மண் இளகும். அதிர்வுப் பக்கத்தை வரைபடமும் சூத்திரமும் தந்துவிடும். பலத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பல லட்சம் கட்டடங்களுக்கு அதற்கு ஒரே ஆதாரம், மனையில் கயிற்றைப் பிடித்துச் சுத்தியல் போட்டவர் எண்ணிச் சொன்ன எண்ணிக்கை.

63.5 கிலோ, 75 சென்டிமீட்டர்

மூன்று கால் நாட்டிய இரும்புச் சட்டம், உச்சியில் ஒரு கப்பி, பக்கத்தில் டீசல் இன்ஜினோடு சேர்ந்த உருளை. துளை வழக்கமாக 15 சென்டிமீட்டர் விட்டம். துளையின் பக்கங்கள் சரியாமலிருக்கக் கேசிங் குழாய் இறக்குவார்கள், அல்லது பெண்டோனைட் கரைசல் ஊற்றுவார்கள். குறித்த ஆழம் வந்ததும் தோண்டுவதை நிறுத்தி, நீளவாட்டில் இரண்டாகப் பிளக்கக்கூடிய ஒரு தடித்த எஃகுக் குழாயைக் கம்பிகளின் முனையில் மாட்டிக் கீழே இறக்குகிறார்கள். பிறகு சுத்தியல்: 63.5 கிலோ எடை, 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தானாக விழ வேண்டும். கம்பியில் சாக்பீஸால் 15 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வீதம் மூன்று கோடுகள். 'டொங்... டொங்...' என்று அடி விழ விழ ஒருவர் எண்ணுகிறார். முதல் 15 சென்டிமீட்டருக்கான அடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. துளையின் அடிமட்டம் எப்படியும் கலைந்திருக்கும். அடுத்த இரண்டு பகுதிகளுக்கும், அதாவது 30 சென்டிமீட்டருக்கு, எத்தனை அடி விழுந்ததோ அதுதான் 'என் வேல்யூ'. நாலு, அஞ்சு என்றால் மண் சொதசொதப்பு. முப்பதைத் தாண்டினால் இறுக்கம். ஐம்பது அடித்தும் இறங்காவிட்டால் 'ரெஃப்யூசல்' என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆழத்துக்குப் போவார்கள். குழாயை வெளியே எடுத்துப் பிளந்தால் உள்ளே மண் மாதிரி. அதைப் பையில் கட்டி, துளை எண்ணும் ஆழமும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

இதுதான் எஸ்.பி.டி. இதன் மூதாதையை 1902இல் பாஸ்டனில் சார்லஸ் கோ என்பவர் தொடங்கிவைத்தார். நூற்றாண்டைத் தாண்டிய முறை, முரட்டு வேலை, ஆனாலும் இன்னும் விடைபெறவில்லை. காரணம், உலகம் முழுக்க எங்கே மண் இளகியது, எங்கே இளகவில்லை என்ற அனுபவத்தின் பெரும்பகுதி இந்த எண்ணோடு கோத்துத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது.

முரட்டு வேலைதான், ஆனால் நுணுக்கம் நிறைய. கயிற்றை உருளையில் இரண்டு சுற்றுக்குமேல் சுற்றினால் விடும்போது கயிறு இழுத்துப் பிடிக்கும். சுத்தியலின் வேகம் குறையும். அடி எண்ணிக்கை கூடும். காகிதத்தில் மண் இருப்பதைவிடப் பலமாகத் தெரியும். நாள் முழுக்கக் கயிறு இழுத்துக் கை சோர்ந்தவர் 75 சென்டிமீட்டருக்குப் பதில் 60 சென்டிமீட்டர் தூக்கினாலும் இதே கதை. அதனால்தான் சுத்தியலின் ஆற்றலில் எத்தனை சதவீதம் கம்பிக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்து, 60 சதவீத ஆற்றலுக்குச் சமமாக எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும். ரிப்போர்ட்டில் திருத்தம் செய்ததாக எழுதியிருக்கும். ஆற்றலை யாராவது அளந்தார்களா என்று கேட்டால் பல நேரம் பதில் வராது.

எதிர்த் திசையிலும் பிழை நேரும். நீர் நிறைந்த மணலில் துளை போடும்போது துளைக்குள் தண்ணீரின் மட்டம் வெளி நிலத்தடி நீர்மட்டத்தைவிடக் கீழே போய்விட்டால், அடியிலிருந்து தண்ணீர் மணலைக் கிளப்பிக்கொண்டு துளைக்குள் பொங்கும். களத்தில் இதை 'பாயிலிங்' என்பார்கள். பொங்கிக் கலைந்த மணலில் சுத்தியல் போட்டால் மூன்றோ நான்கோதான் வரும். உண்மையில் அங்கே பன்னிரண்டு இருந்திருக்கலாம். தேவையில்லாத பைலுக்கு உரிமையாளர் காசு கொடுப்பார். நல்ல டிரில்லர் கம்பியை மெதுவாக உருவுவார், துளையில் தண்ணீரை எப்போதும் வழிய வழிய வைத்திருப்பார். இந்தக் கைப்பக்குவம் எந்த ரிப்போர்ட்டிலும் பதிவாவதில்லை. என்னைக் கேட்டால், ஒரு பல மாடிக் கட்டடத்தின் நிலநடுக்கப் பாதுகாப்பில் பாதி, மென்பொருள் முன் உட்கார்ந்திருப்பவரிடம் இல்லை, தினக்கூலிக்குக் கயிறு இழுப்பவரிடம் இருக்கிறது. அவருக்கு அதை யாரும் சொன்னதில்லை.

சில அடி எண்ணிக்கையில் என்ன வந்துவிடப்போகிறது? ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பு மூன்றாம், நான்காம், ஐந்தாம் நிலநடுக்க மண்டலங்களுக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழிருக்கும் மணலில், 5 மீட்டர் ஆழம் வரை என் வேல்யூ 15 ஆவது இருக்க வேண்டும். 10 மீட்டரிலும் அதற்குக் கீழும் 25. இடைப்பட்ட ஆழங்களுக்கு இடைப்பட்ட எண். அதற்குக் குறைந்தால் மண்ணை இறுக்க வேண்டும், அல்லது பலமான அடுக்குவரை பைல் இறக்க வேண்டும். நான்கு மீட்டரில் 11 வந்ததை 16 என்று எழுதிவிட்டால் போதும், பல லட்ச ரூபாய் வேலை காகிதத்திலிருந்து மறைந்துவிடும். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், கயிற்றில் ஒரு சுற்று கூடினாலும் அந்த எண் நகரும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிக்விஃபேக்‌ஷன் நீர்மட்டத்துக்குக் கீழேதான் நடக்கும். மே மாதத்தில் துளை போட்டால் சென்னையில் ஆறு மீட்டரில் தண்ணீர் தட்டுப்படலாம். அதே மனையில் நவம்பர் கடைசியில் ஒரு மீட்டரில் நிற்கும். பூமி கோடையில்தான் குலுங்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. கணக்கில் போட வேண்டியது மழைக்கால உச்ச மட்டம். ரிப்போர்ட்டில் துளை போட்ட தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியின் மட்டத்தையே வைத்துக் கணக்கை முடித்திருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

எத்தனை ஆழம்?

பழைய பழக்கம், அஸ்திவார அகலத்தின் ஒன்றரை மடங்கு ஆழம் பார்த்தால் போதும் என்பது. சுமையின் தாக்கம் பெரும்பாலும் அவ்வளவு தூரத்துக்குள் அடங்கிவிடும் என்பதால் வந்த விதி அது. சுமைக் கேள்விக்குச் சரி. குலுக்கல் மேலிருந்து வருவதில்லை, கீழிருந்து வருகிறது. அதற்கு இந்த விதி பொருந்தாது. அதனால் 2016 விதிநூல் மண் வகையை முடிவுசெய்யத் தரையிலிருந்து 30 மீட்டர் வரையுள்ள அடுக்குகளின் சராசரி என் வேல்யூவைக் கேட்கிறது. ஆனால் பத்து மீட்டரில் துளையை நிறுத்திவிட்டு, மீதி இருபது மீட்டருக்கு 'இதேபோலத்தான் இருக்கும்' என்று எழுதும் ரிப்போர்ட்டுகளுக்குப் பஞ்சமில்லை. கண்ட்லாவின் பாடம் ஆழத்தில்தான் இருக்கிறது: பைல் முனைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பைலின் நீளத்தை முடிவுசெய்ய முடியாது.

துளைகளின் எண்ணிக்கையும் அப்படியே. ஏறக்குறைய ஒரு ஏக்கர் அளவுள்ள கட்டட மனைக்கு நான்கு மூலைகளில் நான்கு, நடுவில் ஒன்று என்பது மண் ஆய்வுக்கான ஐ.எஸ். 1892இன் 1979 பதிப்பு சொன்ன கணக்கு. ஆற்றுப் படுகையிலும் தூர்த்த ஏரியிலும் ஐந்து துளைகூடப் போதாது. முப்பது அடி தள்ளினால் மண் மாறிவிடும். துளைக்கும் துளைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதற்கு வேறு வழிகள் உண்டு. தரையில் வரிசையாக அதிர்வுமானிகளைப் பதித்து, ஒரு முனையில் பெரிய சம்மட்டியால் அடித்து, அலை எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளப்பது ஒன்று. 'மாஸ்வ்' என்று சுருக்கிச் சொல்வார்கள். கூம்பு முனைகொண்ட கம்பியை வினாடிக்கு 2 சென்டிமீட்டர் வீதம் அமுக்கிக்கொண்டே போய், இடைவெளியே இல்லாமல் எதிர்ப்பைப் பதிவுசெய்யும் கோன் சோதனை இன்னொன்று. ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை எடுக்கும் எஸ்.பி.டி.யின் கண்ணுக்குத் தப்பும் அரை மீட்டர் மணல் அடுக்கைக்கூட இது காட்டிக்கொடுத்துவிடும்.

தூரத்தில் இருந்தால் தப்பிக்கலாமா?

இளகாத மண்ணும் ஆபத்தாகலாம். அலையின் வேகத்தை அளப்பது எதற்கென்றால் இதற்காகத்தான். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையை ஒட்டி 8.0 அளவில் ஒரு நிலநடுக்கம். மெக்சிகோ நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்த அதிர்வு, நகரின் பாறைப் பகுதிகளில் ஆளைப் பயமுறுத்தியதோடு சரி. பழைய ஏரியின்மேல் கட்டப்பட்ட நடு நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பல்கலைக்கழக வளாகத்தின் கெட்டி நிலத்தில் பதிவான உச்ச முடுக்கத்தைப்போல ஏரிக் களிமண் பகுதியில் நான்கைந்து மடங்கு பதிவானது.

காரணத்தைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். மண் அடுக்கின் தடிமனை நான்கால் பெருக்கி, அலையின் வேகத்தால் வகுத்தால், அந்த அடுக்கு ஒரு தடவை ஆடி முடிக்கும் நேரம் கிடைக்கும். 40 மீட்டர் களிமண், வேகம் வினாடிக்கு 80 மீட்டர் என்றால் விடை 2 வினாடி. மெக்சிகோ ஏரிப் பகுதி அப்படித்தான் ஆடியது. இரண்டு வினாடியை நெருங்கும் தாளத்தில் ஆடக்கூடிய கட்டடங்கள் எவை? நடுத்தர உயரக் கட்டடங்கள். ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலானவைதான் அன்று அதிகம் விழுந்தன; பக்கத்திலிருந்த பழைய தாழ்வான வீடுகள் பல தப்பின. அதே நடு நகரத்தில், 1956இல் முடிந்த 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் தப்பியது. அதை வடிவமைத்த லியோனார்டோ செவார்ட் மண் பொறியியலிலும் கட்டுமானத்திலும் ஒருங்கே கைதேர்ந்தவர். மண்ணை ஆராய்ந்து முடித்துவிட்டுத்தான் 361 பைல்களையும் கட்டடத்தின் ஆட்டத்தையும் முடிவுசெய்தார். அந்தக் கோபுரம் 1957, 1985, 2017 என்று மூன்று பெரிய குலுக்கல்களைப் பார்த்துவிட்டது.

மெக்சிகோ எங்கோ இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். பச்சாவிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது அகமதாபாத். 2001இல் அங்கே ஒரு கருவி பதிவுசெய்த உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதுதான். ஆனாலும் எழுபதுக்கும் மேற்பட்ட பல மாடிக் கட்டடங்கள் இடிந்தன, எழுநூறு பேருக்குமேல் மாண்டார்கள். தரைத்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்து விட்டது, மேல் மாடிகளைத் தூண்களுக்கு வெளியே நீட்டியது, கம்பி கட்டிய லட்சணம் என்று முதல் குற்றவாளிகள் கட்டுமானத்திலேயே இருந்தார்கள். மண்ணை மட்டும் கைகாட்டுவது பில்டர்களுக்கு வசதியான கதை. இருந்தாலும் சேதம் நகரம் முழுக்கச் சமமாக விழவில்லை; சாபர்மதியின் பழைய தடத்தை ஒட்டியும் ஏரிகளுக்கு நடுவிலுள்ள மணிநகரிலும் திரண்டிருந்ததை ஆய்வு அறிக்கைகள் குறித்தன. 2016 விதிநூலும் இதை ஒப்புக்கொள்கிறது: உயரமான கட்டடத்துக்குப் பாறைமேல் எவ்வளவு நிலநடுக்க விசை போடுகிறதோ, மென்மண்மேல் அதைப்போல 1.67 மடங்கு வரை போடச் சொல்கிறது. மண் வகையைத் தவறாக எழுதினால் கட்டடத்தின் கம்பிக் கணக்கு முழுவதும் தவறு.

இன்னொன்று: அந்த விதிநூலின் நிலநடுக்க வரைபடத்தில் அகமதாபாத் மூன்றாம் மண்டலம். 2002இல் வரைபடத்தைத் திருத்தியபோது இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற்றப்பட்ட நகரங்களில் சென்னையும் ஒன்று.

மருந்து உண்டு

மண் மோசம் என்று தெரிந்துவிட்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. அதிரும் கம்பத்தை இறக்கி மணலை இறுக்கலாம். ஜல்லித் தூண்களை வரிசையாகப் புதைத்து, ஏறும் நீரழுத்தம் வடிய வழி செய்யலாம். சிமென்ட்டை மண்ணோடு கலக்கலாம். இளகும் அடுக்கைத் தாண்டி பைல் இறக்கலாம். பலன் கண்கூடு. டோக்கியோ அருகே உராயாசு என்ற நகரத்தின் பெரும்பகுதி கடலைத் தூர்த்த நிலம். 2011 மார்ச் 11 அன்று அங்கே தெருத்தெருவாக மண் இளகி வீடுகள் சாய்ந்தன. அதே ஊரில்தான் டிஸ்னிலாண்டு. கட்டும்போதே மண்ணை இறுக்கிவைத்திருந்த பூங்காப் பகுதி பெரிய சேதமில்லாமல் நின்றது. இறுக்காமல் விட்ட கார் நிறுத்துமிடத்தில் மணலும் நீரும் பொங்கின. ஆனால் மருந்தின் அளவை எழுத, நோய் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அந்த இடத்தில்தான் நம் ஊர் சறுக்குகிறது. மண் ஆய்வுக்கு ஆகும் தொகை பொதுவாகக் கட்டடச் செலவில் ஒரு சதவீதம்கூட வராது. ஆனாலும் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. மீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று பேசி, அந்த ரூபாயும் கட்டுபடியாகாதபோது துளை ஆழம் குறையும், அல்லது துளையே மேசைமேல் போடப்படும். ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் அனுபவசாலிகளுக்கு இதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. இரண்டு துளைகளில் எண்கள் அச்சு அசலாக ஒரே வரிசையில் வந்தால் சந்தேகம். ஆழத்தோடு என் வேல்யூ 8, 10, 12, 14 என்று படிக்கட்டு ஏறினால் அதைவிடச் சந்தேகம். மண் அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. சல்லடைச் சோதனை முடிவு, நுண்துகள் சதவீதம், களிமண்ணின் நெகிழ்ச்சி எல்லைகள் இவை இல்லாமல் 'லிக்விஃபேக்‌ஷன் வாய்ப்பு இல்லை' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், அது கணக்குப் போட்டு வந்த வரி இல்லை. வாங்குபவர் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: துளை போட்டபோது எடுத்த படங்கள், ஆழம் எழுதிய மண் பைகள், ஒவ்வொரு 15 சென்டிமீட்டருக்கும் தனித்தனியாக எண்ணிய அடிகள், ஆழவாரியாகப் பாதுகாப்பு விகிதம். உண்மையில் வேலை செய்தவர் இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் 2011 பிப்ரவரி 22 அன்று 185 பேரை இழந்தது. கிழக்குப் புறநகர்களில் மண் இளகி, கடைசியில் சுமார் 8,000 வீட்டு மனைகளை இனிக் குடியிருக்க லாயக்கில்லை என்று அரசு கையகப்படுத்த வேண்டியிருந்தது. மீதி நிலத்தை மூன்று தரமாகப் பிரித்தார்கள். மூன்றாம் தரத்தில் வீடு கட்டுவதானால் மனைக்கு மனை தனி மண் ஆய்வு கட்டாயம். அப்படிப் போட்ட ஆயிரக்கணக்கான துளைகளின், கோன் சோதனைகளின் பதிவுகளை எல்லாம் ஒரே தளத்தில் சேர்த்தார்கள். பிற்பாடு அது நாடு முழுவதற்குமான தரவுத்தளமாக வளர்ந்தது. இன்று ஒரு பொறியாளர் புது மனைக்கு வேலை ஒப்புக்கொள்ளும் முன்பே, அக்கம்பக்கத்துத் துளைகளில் என்ன கிடைத்தது என்று கணினியில் பார்த்துவிடுகிறார். அதற்கேற்ப எங்கே, எவ்வளவு ஆழம் துளை போடுவது என்று முடிவுசெய்கிறார்.

நம் மாநகரங்களிலும் துளைகளுக்குக் குறைவில்லை. மெட்ரோவுக்கு, மேம்பாலத்துக்கு, அடுக்குமாடிக்கு என்று போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பதிவும் ஒவ்வோர் அலுவலகத்து பீரோவில் தூங்குகிறது. அனுமதிக்கு வரும் துளைப் பதிவுகளை (போர் லாகுகளை) இட வரைபடத்தில் ஏற்றி எல்லோரும் பார்க்க வைப்பதற்கு மாநகராட்சிக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். ஒரு ஸ்கேனரும் ஓர் உத்தரவும் போதும். அது வரும்வரை, பத்து வீட்டுக்குப் பத்து ரிப்போர்ட் இருக்கும் தெருவில் பதினோராவது மனைக்காரர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார். இல்லையென்றால் பத்தாவது வீட்டு ரிப்போர்ட்டில் பெயரையும் கதவு எண்ணையும் மாற்றிக்கொள்வார்.